மகமை: எங்கய்யா சிட்டையில் இருந்த அறுபது காசு

பொங்கலுக்கு வெள்ளையடிக்கிறதுக்கு முன்னால பரணை ஒழிக்கிறது எங்க வீட்டு வழக்கம். இந்த வருஷம் ஏணியில ஏறினது மகள். லீவுக்கு வந்திருந்தா. ஓட்டை அண்டா ஒண்ணு, உடைஞ்ச முக்காலி, துருப்பிடிச்ச கொழு ரெண்டு, அப்புறம் ஒரு நீளக் கம்பி. கம்பி நிறைய காகிதம் குத்தியிருந்துச்சு. எங்கய்யா பருத்தி, மல்லி, வத்தல் வித்தப்ப விருதுநகர் மண்டியில கொடுத்த சிட்டைகள். மேலே இருந்ததைக் கரையான் தின்னுருச்சு. நடுவுல இருந்தது நல்லா இருந்துச்சு.

மகள் ஒண்ணை உருவி வாசிச்சா. தேதி 12-3-74. பருத்தி, எடை, விலை, மொத்தம். அதுக்குக் கீழே கழிவு: கமிஷன், எடைக்கூலி, இறக்குக்கூலி, மகமை. மகமைக்கு நேரா அறுபது காசு.

"ப்பா, கமிஷன் தெரியுது, கூலி தெரியுது. மகமைன்னா என்ன? தாத்தா காசு யாருக்குப் போச்சு?"

"அது தர்மத்துக்குப் பிடிக்கிறதும்மா"ன்னு சொல்லிட்டு அண்டாவைத் தூக்கிட்டு வெளிய வந்துட்டேன். ஆனா அவ கேட்ட கேள்வி மனசுல நின்னுருச்சு. ஏன்னா அன்னைக்குக் காலையிலதான் எங்க ஊர்க் கடை அண்ணாச்சி, வெத்தலை மடிச்சுக்கிட்டே, "பங்குனிப் பொங்கலோட கடையை எடுத்துரலாம்னு இருக்கேன் தம்பி"ன்னு சொல்லியிருந்தார். நாற்பது வருஷக் கடை. இந்த ரெண்டுக்கும் ஒரு தொடர்பு இருக்குன்னு எனக்குத் தோணுச்சு. அதைத்தான் இங்க எழுதிப் பார்க்கிறேன்.

வண்டிப்பேட்டை

மகமைக் கதை எங்க கரிசக்காட்டுக்குத் தெற்கே, திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரிக்காட்டுல தொடங்குது. அங்க மண்ணு செம்மணல். பனையைத் தவிர வேற எதுவும் லேசுல நிக்காது. அந்தப் பனையை நம்பி வாழ்ந்த நாடார் சமுதாயத்துல ஒரு பகுதியினர் கருப்பட்டி, உப்பு, கருவாடு எல்லாத்தையும் மாட்டு மேலயும் வண்டியிலயும் ஏத்திக்கிட்டு வடக்கே வந்தாங்க. இங்க இருந்து பருத்தியும் தானியமும் வாங்கிட்டுப் போனாங்க.

வழி நல்ல வழி இல்ல. திருட்டுப் பயம். பாளையக்காரர் சண்டை முடிஞ்சு 1801-க்கு அப்புறம் கம்பெனி ஆட்சி ஊன்றினதும் வண்டிப் போக்குவரத்து கூடுச்சு. அப்ப இந்த வியாபாரிகள் வந்து தங்கி வேர்பிடிச்ச ஊர்கள் ஆறு: சிவகாசி, விருதுபட்டி, திருமங்கலம், சாத்தங்குடி, பாலையம்பட்டி, அருப்புக்கோட்டை. விருதுபட்டிதான் 1923-ல் விருதுநகர்னு பேர் மாத்திக்கிச்சு.

ராத்திரி வண்டியை அவுத்துப் போட, மாட்டைக் கட்ட, சரக்கைப் பத்திரமா வைக்க ஒரு இடம் வேணும். சுத்தி அடைப்பு, உள்ள கிணறு, மாட்டுக்குத் தண்ணித் தொட்டி, காவலுக்கு ஆள். அதுக்குப் பேர்தான் பேட்டை. இன்னைக்கும் நம்ம பக்கத்துல பல ஊர்ல பேட்டைன்னு ஒரு தெரு இருக்கும். வண்டிதான் இருக்காது.

பேட்டைக்குக் காசு வேணும்ல? அதுக்கு வந்ததுதான் மகமை. உள்ள வந்து கைமாறுற சரக்குல மூட்டைக்கு இவ்வளவுன்னு ஒரு சின்னப் பங்கு பொதுவுக்கு எடுத்து வைக்கணும். பெரிய வியாபாரி, சின்ன வியாபாரி எல்லாருக்கும் ஒரே முறை. இதை வசூல் பண்ணி, கணக்குப் பார்த்து, எதுக்குச் செலவழிக்கிறதுன்னு முடிவு பண்ண ஊருக்கு ஊர் உறவின்முறைன்னு ஒரு சபை. பொறுப்பு பார்க்கிறவர் முறைக்காரர்.

இப்படி ஒரு பழக்கம் நம்ம மண்ணுல அதுக்கு ரொம்ப முன்னாலயும் இருந்திருக்கு. சிங்கம்புணரிக்குப் பக்கத்துல பிரான்மலைக் கோயில்ல 13-ஆம் நூற்றாண்டு வணிகர் கல்வெட்டு ஒண்ணு இருக்கு. ஐநூற்றுவர்னு சொல்ற பெரிய வணிகக் குழுவும் பல ஊர் வியாபாரிகளும் சேர்ந்து, எந்தச் சரக்குக்கு எவ்வளவு கோயிலுக்குக் கொடுக்கிறதுன்னு எழுதி வெட்டி வச்சிருக்காங்க. உப்பு, பாக்கு, மிளகு, பருத்தி, நூல், இரும்புன்னு அந்தப் பட்டியல் போகுது. எழுநூறு வருஷத்துக்கு முந்தின மளிகைக்கடை லிஸ்ட் மாதிரி இருக்கும். வியாபாரத்துல வர்ற லாபம் முழுக்க வியாபாரிக்கு மட்டும் சொந்தமில்லங்கிற எண்ணம் அவ்வளவு பழசு.

கதவைச் சாத்தினவங்களுக்குப் பதில்

பேட்டைச் செலவு போக மிஞ்சின மகமைக்காசு எங்க போச்சுங்கிறதுதான் இதுல முக்கியம்.

கையில காசு வந்த பிறகும் அந்தக் காலத்துல நாடார்களைக் கோயிலுக்குள்ள விடலை. 1897-ல் கமுதி மீனாட்சி சுந்தரேஸ்வரர் கோயிலுக்குள்ள நுழைஞ்சதுக்கு வழக்குப் போட்டாங்க. அது லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போய், 1908-ல் அங்கேயும் நாடார்களுக்கு எதிராத்தான் தீர்ப்பு வந்துச்சு. நடுவுல 1899-ல் சிவகாசிக் கலவரம். வீடுகள் எரிஞ்சது, உயிர் போச்சு.

அப்படி இருந்த நிலைமையில சாத்தின கதவு முன்னால நின்னுக்கிட்டே இருக்காம, பொதுக்காசுல சொந்தமாக் கட்டிக்கிட்டாங்க. கிணறு, கோயில், சாவடி, அப்புறம் பள்ளிக்கூடம். விருதுபட்டியில 1880-களில் க்ஷத்திரிய வித்யாசாலா வந்துச்சு. மகமைக்காசு ஒரு பக்கம். இன்னொரு பக்கம் பிடி அரிசி. வீட்டுல அம்மாமார் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைப் பள்ளிக்கூடத்துக்குன்னு கலயத்துல போட்டு வைக்கணும். அதை வீடு வீடாச் சேகரிச்சு, வித்து, பள்ளிக்கூடத்தை நடத்துனாங்க. பிடி அரிசிப் பள்ளிக்கூடம்னே அதுக்குப் பேர் வந்துருச்சு.

அந்தப் பள்ளிக்கூடத்துல படிச்ச ஒரு பையன் 1903-ல் பிறந்தவர். அப்பா தேங்காய் வியாபாரி. அவர் சின்ன வயசுலயே இறந்து போக, பையன் படிப்பைப் பாதியில விட்டுட்டு மாமா ஜவுளிக்கடைக்கு வேலைக்குப் போனார். பின்னால 1954-ல் முதலமைச்சர் ஆனார். காமராஜர்னு சொல்லத் தேவையில்ல. அவர் ஆட்சியில பள்ளிக்கூடத்துல மதிய உணவு வந்தப்ப, அரசாங்கப் பணத்தோட ஊர்க்காரங்க கொடுத்த அரிசியும் காசும் சேர்ந்துதான் உலை கொதிச்சது. பள்ளிச் சீரமைப்பு மாநாடுன்னு ஊர் ஊரா நடத்துனப்ப, ஜனங்களே கட்டடமும் பெஞ்சும் பலகையும் கொடுத்தாங்க. அதைப் பத்திப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த அரிசிக் கலயம்தான் ஞாபகத்துக்கு வரும்.

கடைக்காசு ஊருக்குள்ள சுத்தினா என்ன ஆகும்ங்கிறதுக்கு இன்னும் ரெண்டு மூணு சொல்றேன். 1876-ல் மதுரை-தூத்துக்குடி ரயில் வந்ததும் விருதுபட்டி பெரிய சந்தையாச்சு. எங்க கரிசப் பருத்தியும் மல்லியும் வத்தலும் அங்க குவிஞ்சது. 1921-ல் தூத்துக்குடியில நாடார் வங்கி தொடங்குனாங்க. வியாபாரிகள் தாங்களே பங்கு போட்டு ஆரம்பிச்ச வங்கி. 1962-ல் அதுக்குத் தமிழ்நாடு மெர்க்கன்டைல் பேங்க்னு பேர் மாறுச்சு. 1922-ல் சிவகாசியில இருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கத்துக்கிட்டு வந்தாங்க. மழை இல்லாத சீமையில ஆயிரக்கணக்கான வீட்டுக்கு அடுப்பெரிய அது வழி பண்ணுச்சு. அதுலயே குழந்தைகள் கையில மருந்து ஒட்டின கொடுமையும் நடந்துச்சு, அதையும் மறைக்கக்கூடாது. 1947-ல் விருதுநகர்ல செந்திக்குமார நாடார் கல்லூரி வந்துச்சு.

ரயிலைத் தவிர இதுல வேற எதையும் வெளியூர்ல இருந்து ஒரு கம்பெனி வந்து கட்டித் தரலை. உப்பு, கருப்பட்டி, பருத்தி, மல்லி வியாபாரத்துல சிந்துனதைக் கூட்டிப் பெருக்கி எடுத்து வச்ச காசுதான் எல்லாத்துக்கும் விதை.

எங்கய்யா காசும் அதுல இருந்துச்சு

இப்ப மகள் கேட்டதுக்கு வர்றேன். தாத்தா காசு யாருக்குப் போச்சு?

மகமை வியாபாரி கொடுக்கிறதுன்னுதான் பேரு. ஆனா சிட்டையைப் பாருங்க, எங்கய்யா கணக்குலல்ல கழிச்சிருக்கு. பருத்தியைக் கொண்டு போன சம்சாரி தலையிலயும் அதுல ஒரு பங்கு விழுந்துச்சு. எந்தச் சாதிச் சம்சாரியா இருந்தாலும் விழுந்துச்சு. யாரும் அவங்களைக் கேட்டுப் பிடிக்கலை. எங்க வீடு அந்தச் சமுதாயம் இல்ல. எங்கய்யா மண்டியில இருந்து வந்து திண்ணையில உட்கார்ந்தா முதல்ல முனங்குறது அதைத்தான்: "நாம காட்டுல காயிறோம், அவன் தர்மம் பண்ணுறான்."

அந்த முனங்கல்ல நியாயம் இருக்கு. ஆனா அய்யா கணக்குல ஒரு வரி விட்டுப்போச்சு. என் தம்பி பி.காம். படிச்சது அந்தச் செந்திக்குமார நாடார் கல்லூரியிலதான். எங்க ஊர்ல இருந்து பஸ் ஏறிப் போயிட்டு வந்த பிள்ளைகள் பல சாதி, பல தெரு. அதுல சம்சாரி வீட்டுப் பிள்ளைகள் நிறைய. எங்கய்யா கொடுத்த அறுபது காசு எந்தக் கல்லுல போச்சுன்னு யாராலயும் காட்ட முடியாது. ஆனா அந்தக் காசு பதினஞ்சு மைலுக்குள்ளதான் கிடந்துச்சு. திரும்பி வர்றதுக்கு அதுக்கு வழி இருந்துச்சு.

நான் சொல்ல வந்த விஷயம் இதுதான். மகமைங்கிறது ஒரு சட்டம் மாதிரி எழுதி வச்ச வழக்கம். ஆனா அது எழுதப்படாமலே எல்லா உள்ளூர்க் கடையிலயும் கொஞ்சம் நடக்குது. கடைக்காரர் அதே ஊர்ல குடியிருக்கிறார்ங்கிற ஒரே காரணத்தால நடக்குது.

எங்க அண்ணாச்சி கடையையே எடுத்துக்குவோம். நூறு ரூபாய்க்குச் சாமான் வாங்கினா அவருக்கு எட்டோ பத்தோ நிக்கும்னு சொல்றார். எண்ணெய், சீனியில அதுவும் நிக்காது. மிச்சம் விருதுநகர் மொத்தக்கடைக்குப் போயிரும். அந்தப் பத்து ரூபாய் எங்க போகுது? காலையில மூணு தெரு தள்ளி இருக்கிற அக்காகிட்ட பால் வாங்குறார். எங்க காட்டுத் தட்டாம்பயறை, மொச்சையை, கோழிமுட்டையை அவர்தான் எடுக்கிறார். அஞ்சு கிலோ பயறை வச்சுக்கிட்டு நான் எந்த மண்டிக்குப் போக? ஊர்ப் பொங்கலுக்கு வரி கொடுக்கிறார். பள்ளிக்கூடத்து ஆண்டு விழாவுக்கு டம்ளர், தட்டு பரிசு அவர்தான் வாங்கித் தருவார். சாவு வீடுன்னா சொல்லாமலே சீனியும் தேயிலையும் வந்துரும், காசு பதினாறாம் நாளுக்கு அப்புறம்தான். கடைக்கு முன்னால எரியுற லைட்டு வெளிச்சத்துலதான் கடைசி பஸ்ல இறங்குற பொம்பளைப் பிள்ளைகள் பயமில்லாம வீட்டுக்குப் போகுது. இதெல்லாம் எந்தச் சிட்டையிலயும் வராத மகமை.

போன்ல ஆர்டர் போட்டு வாங்கினா சாமான் வீட்டு வாசலுக்கு வருது. அந்தப் பத்து ரூபாய் மட்டும் எந்த ஊர்ல போய் இறங்குதுன்னு தெரியாது. எங்க ஊர்ல இறங்கலைங்கிறது மட்டும் நிச்சயம்.

ஸ்பிரேயர் வாங்கின கதை

நான் என்னமோ யோக்கியன் மாதிரி பேசுறேன்னு நினைக்காதீங்க. போன வருஷம் மக்காச்சோளத்துக்கு மருந்தடிக்க பேட்டரி ஸ்பிரேயர் ஒண்ணு வேணும்னு ஆச்சு. 2018-ல் படைப்புழு வந்ததுல இருந்து மருந்தடிக்காம மக்காச்சோளம் வீடு வந்து சேர்றதில்ல. டவுன்ல பம்பு கடையில கேட்ட விலையை விட போன்ல முந்நூறு ரூபாய் கம்மி. போட்டுட்டேன்.

நல்லாத்தான் அடிச்சது, இருபது நாள். கார்த்திகையில புழு குருத்துக்குள்ள இறங்குன நேரம், பம்பு நின்னுருச்சு. போன் பண்ணினா ஒண்ணை அமுக்கு, ரெண்டை அமுக்குன்னு சொல்லுது. கடைசியில கிடைச்ச பதில், பெட்டியில போட்டு அனுப்புங்க, பத்து நாள் ஆகும். பத்து நாள்ல புழு பொறுத்துக்கிட்டா இருக்கும்?

வெக்கத்தை விட்டுட்டு அதே பம்பு கடைக்குத் தூக்கிட்டுப் போனேன். அவர் திருப்பிப் பார்த்தார். எங்க வாங்கினேன்னு தெரிஞ்சது. ஒண்ணும் கேக்கலை. கழட்டி, வாஷரை மாத்தி, வயரை ஒட்டி, கால் மணி நேரத்துல கையில கொடுத்துட்டார். நாற்பது ரூபாய். "அடுத்த தடவை வாங்குறதுக்கு முன்னால ஒரு வார்த்தை கேளுங்க, விலையைப் பேசிக்கலாம்"னு மட்டும் சொன்னார். முந்நூறு ரூபாய் மிச்சம் பிடிச்சவன் அன்னைக்குத் தலை குனிஞ்சுதான் வந்தேன். அந்தக் கடையும் இல்லாமப் போயிருந்தா அந்த வருஷ மக்காச்சோளம் என்ன ஆகியிருக்கும்?

சொல்லாம விடக்கூடாத பக்கம்

உள்ளூர்க் கடைன்னா எல்லாம் பொன்னுன்னு எழுதினா அது பொய். எங்க ஊர்ல காலனித் தெருவுல எனக்கு ஒரு சேக்காளி. இதைப் பத்திப் பேசும்போது அவன் சொன்னான்: "உனக்கென்னப்பா, நீ கடைக்குள்ள நின்னு வாங்கின. எங்கய்யா வெளிய நின்னு துண்டை ஏந்தி வாங்கினார். டீக்கடையில எங்களுக்குத் தனி கிளாஸ். இன்னைக்கு என் மகன் டவுன்ல பெரிய கடைக்குள்ள போறான், கூடையை எடுக்கிறான், ஏசிக்குள்ள நடக்கிறான். நீ யாருன்னு ஒருத்தன் கேக்கலை. அதுக்கு நான் பத்து ரூபாய் கூடவே கொடுப்பேன்."

இதுக்கு என்கிட்ட பதில் இல்ல. அவன் சொல்றது உண்மை. மகமைக்கும் இதே குறை இருந்துச்சு. ஒரு சமுதாயம் தன்னைக் காப்பாத்திக்க எடுத்து வச்ச காசு அது. சம்சாரிகிட்ட பிடிச்சாங்க, ஆனா செலவழிக்கிற சபையில சம்சாரிக்கு இடமில்ல. கோயிலுக்குள்ள விடலைன்னு லண்டன் வரைக்கும் போனவங்க எல்லாரும், தங்களுக்குக் கீழேன்னு வச்சிருந்தவங்களுக்குக் கதவைத் திறந்து விட்டாங்கன்னும் சொல்ல முடியாது. மண்டியில எடையில ஏமாந்த சம்சாரி எத்தனை பேர்! முன்பணம் வாங்கிட்டு, மகசூலைச் சொன்ன விலைக்குப் போட்டுட்டு வந்தவங்க எத்தனை பேர்! 1999-ல் மதுரையில முதல் உழவர் சந்தை வந்தப்ப எங்க பக்கத்துச் சம்சாரிகள் சந்தோஷப்பட்டதுக்குக் காரணம் இல்லாம இல்ல.

அதனால நான் சொல்றது, உள்ளூர்க் கடைன்னா அது ஊர் மொத்தத்துக்கும் கடையா இருக்கணும். எடை சரியா இருக்கணும். எல்லாருக்கும் ஒரே வாசல், ஒரே கிளாஸ். அது இல்லாத கடை மூடினா அழ வேண்டியதில்ல.

சேக்காளி அதோட நிறுத்தலை. கொஞ்ச நேரம் கழிச்சு அவனே சொன்னான்: "ஆனா ஒண்ணு. 2020-ல் ஊரடங்கு போட்டப்ப பஸ் இல்ல, டவுன் இல்ல, கையில கூலியும் இல்ல. அண்ணாச்சிதான் எங்க தெருவுக்கும் அரிசி, பருப்பு போட்டார். நோட்டுல எழுதிக்கிட்டார். சில வீட்டுல இன்னும் கொடுக்கலை. அவரும் கேக்கலை." அவங்கய்யா காலத்துக் கடைக்கும் இந்தக் கடைக்கும் நடுவுல ஊர் கொஞ்சம் மாறியிருக்கு. அந்த மாற்றத்தைச் சண்டை போட்டு வாங்கினது அவங்க தெருதான்.

நோட்டு

சரி, கடையை ஏன் மூடுறார்? டவுன்ல பெரிய கடை வந்ததாலன்னுதான் நான் நினைச்சிருந்தேன். ஒரு சாயங்காலம் போய் உட்கார்ந்து நேராவே கேட்டேன். அண்ணாச்சி பதில் சொல்லலை. கல்லாவுக்குக் கீழே இருந்து நோட்டை எடுத்துப் போட்டார்.

புரட்டப் புரட்ட எல்லாம் எங்க ஊர்க்காரங்க பேர். மாசக் கடைசியில வாங்கின அரை கிலோ சீனி, கால் லிட்டர் எண்ணெய், ஒரு சோப்பு. அவர் சொன்னார்: "தம்பி, கையில காசு இருந்தா எல்லாரும் டவுனுக்குப் போறாங்க. காசு தீந்தா இங்க வர்றாங்க. ரொக்கம் எல்லாம் அங்க, கடன் எல்லாம் இங்க. மொத்தக்கடைக்காரன் என்கிட்ட ரொக்கம்ல கேக்கிறான்? ஜிஎஸ்டி பில்லுக்கு உடனே காசு கட்டணும்ல? நான் எதை வச்சு ஓட்ட?"

அடுத்த பக்கம் புரட்டினேன். என் பேர். 4,860 ரூபாய். புரட்டாசியில விதைப்புக்குக் கை இறுகுனப்ப ஆரம்பிச்சது. நடுவுல தீபாவளிக்கு டவுன்ல ரொக்கத்துக்கு வாங்கிட்டு வந்தேன். இந்தப் பக்கத்தை மறந்தே போயிட்டேன்.

அப்பதான் மகமைக் கணக்கே எனக்கு முழுசாப் புரிஞ்சது. அந்த வழக்கம் நின்னது வியாபாரியோட நல்ல மனசுல மட்டும் இல்ல. அன்னைக்கு ஊர்ச் சரக்கும் ஊர்க் காசும் அந்தப் பேட்டை வழியாத்தான் போச்சு. போற காசுல இருந்துதான் ஒரு துளியை எடுத்து வைக்க முடியும். வாய்க்கால்ல தண்ணி வந்தாத்தான் மடை திறக்க முடியும். நாம வாய்க்காலை வேற பக்கம் திருப்பிட்டு, கடைமடையில நின்னுக்கிட்டு, "அண்ணாச்சி முன்ன மாதிரி இல்லப்பா"ன்னு பேசிக்கிட்டு இருக்கோம்.

தையில மக்காச்சோளம் ஒடிச்சு வித்த காசு வந்துச்சு. முதல் வேலையா அந்த 4,860-ஐக் கொடுத்தேன். மகளும் கூட வந்தா. அண்ணாச்சி பேரை அடிச்சுட்டு அவளுக்கு ஒரு கடலை மிட்டாய் எடுத்துக் கொடுத்தார். காலேஜ் படிக்கிற பிள்ளைக்குக் கடலை மிட்டாய். அவ வாங்கிக்கிட்டா.

எல்லாத்தையும் இங்கயே வாங்குவேன்னு சத்தியம் பண்ணலை. டிராக்டர் சாமான் இங்க கிடைக்காது, மகளுக்கு வேணும்கிற புஸ்தகமும் கிடைக்காது. ஆனா எண்ணெய், பருப்பு, சோப்பு, சீனி, தேயிலை, இதெல்லாம் மாசா மாசம் ரொக்கத்துக்கு அண்ணாச்சிகிட்ட. எத்தனை வீடு அப்படி வாங்கினா கடை நிக்கும்னு கேட்டேன். முப்பது வீடு போதும்னார். எங்க ஊர்ல இருநூறு வீடு இருக்கு. நானும் சேக்காளியும் இதுவரைக்கும் பதினோரு வீட்டுல பேசியிருக்கோம். சில பேர் சரின்னாங்க. சில பேர் "அவர் விலையைக் குறைக்கட்டும் பார்க்கலாம்"னாங்க. அதுவும் நியாயம்தான். அதை அண்ணாச்சிகிட்ட அப்படியே சொல்லியிருக்கேன். சோப்புலயும் தேயிலையிலயும் கொஞ்சம் இறங்கி வந்திருக்கார்.

பங்குனிப் பொங்கலுக்கு விருதுநகர் மாரியம்மன் கோயில்ல கூட்டம் அலைமோதும். கே.வி.எஸ். பள்ளிக்கூட மைதானத்துல பொருட்காட்சி போடுவாங்க. பிடி அரிசிப் பள்ளிக்கூடம் அதுதான். இந்த வருஷம் மகளைக் கூட்டிட்டுப் போய்க் காட்டணும். தாத்தா காசு யாருக்குப் போச்சுன்னு கேட்டாள்ல, அந்த இடத்துல நின்னுதான் அவளுக்குப் பதில் சொல்லணும். திரும்பி வரும்போது அண்ணாச்சி கடையில லைட்டு எரியுதான்னு பார்ப்போம்.